தரவுத்தளத்தின் திருகுகள்: கணனி தன்னைத் தானே சீர்செய்யுமா?

கோட்-டெ-நேஜ் பகுதியிற் குடியிருக்கும் எம்மவர் நாள்தோறும் காணும் காட்சிகளில் ஒன்று, மலையின் வடபுறச் சரிவில் வெளிறிய மஞ்சட் செங்கற்களால் எழுந்து நிற்கும் மொன்றியல் பல்கலைக்கழகக் கோபுரமாகும். அந்தப் பல்கலைக்கழகத்தில் இருந்து 2012ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பற்றியும், எம்மவர் செறிந்து வாழும் மார்க்கம் நகரில் அமைந்த ஐ.பி.எம். நிறுவனத்தின் ரொறன்ரோ ஆய்வுகூடம் 2006இல் வெளியிட்ட ஒரு பொறிமுறையைப் பற்றியும் இவ்வாரம் எழுத முற்படுகிறோம். இரண்டும் ஒரே வினாவைத் தொடுகின்றன. கணனி ஒன்று தன் அமைப்புகளைத் தானே சீர்செய்துகொள்ளுமா?

கணனித்துறையைச் சாராத குடும்பங்களுக்கு இதில் என்ன அக்கறை என்று சிலர் வினவக்கூடும். உணவகங்களிற் கோப்பை கழுவியும், தொழிற்சாலைகளில் இரவு வேலை செய்தும் எம்மவர் படிக்கவைத்த பிள்ளைகளிற் பலர் இன்று கணனித்துறையில் இருக்கின்றனர். அவர்களுள் தரவுத்தளங்களைப் பராமரிப்பவர்களும் உளர். "இயந்திரமே எல்லாவற்றையும் செய்யப்போகிறதாமே, பிள்ளையை இந்தப் படிப்புக்கு விடலாமா?" என்ற கேள்வி இப்போது பெற்றோரிடையே எழுந்துள்ளது. அது ஒருபுறமிருக்க, பலசரக்குக் கடை, கோயில், தமிழ்ப் பாடசாலை, ஊர்ச்சங்கம் என எமது சிறு அமைப்புகளும் தம் கணக்குகளையும் பெயர்ப்பட்டியல்களையும் கணனியிலேயே வைத்திருக்கின்றன. கணனி மெதுவானவுடன் "பெரிய இயந்திரமாக வாங்குங்கள்" என்ற ஆலோசனை வருகிறது. காசு போகிறது, வேகம் வருவதில்லை.

தரவுத்தளம் என்பது யாது? ஒழுங்காக அடுக்கப்பட்ட பதிவேடுகளின் களஞ்சியமும், அவற்றைக் கேட்டவுடன் தேடித் தரும் மென்பொருளும் சேர்ந்ததே அது. எமது குடிவரவுக் கோப்பும், மருத்துவக் காப்பு அட்டையும், வங்கிக் கணக்கும் ஏதோவொரு தரவுத்தளத்தினுள்ளே வரிகளாகக் கிடக்கின்றன. 2023 பெப்ரவரியில் எஸ்.ஏ.ஏ.கியூ. புதிய கணனி முறைக்கு மாறியபோது சாரதி அனுமதிப்பத்திரத்திற்காகக் குளிரிலே வரிசையில் நின்றவர்களுக்கு, இத்தகைய முறைகள் தடுமாறினால் என்னவாகும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. அத்தடுமாற்றத்தின் காரணங்கள் பல. அவற்றையெல்லாம் நாம் இங்கே பேசும் சிறிய விடயத்தின் தலையிற் போடுதல் தகாது. ஆயினும் பெரிய முறைகள் எத்தனை நுண்ணிய பாகங்களில் தங்கியுள்ளன என்பதை அது எமக்கு நினைவூட்டியது.

கிணறும் பாத்தியும்

போஸ்ற்கிறெஸ் என்று ஒரு தரவுத்தள மென்பொருள் உண்டு. கலிபோர்ணியாவின் பேர்க்கிலிப் பல்கலைக்கழகத்திலே தோன்றியது. காசு கொடாமலே எவரும் பெறலாம். அதனுள்ளே 300க்கும் மேற்பட்ட அமைப்புகள் உள்ளன. ஆங்கிலத்தில் இவற்றை 'நொப்' என்பர்; வானொலிப் பெட்டியிலுள்ள திருகு போன்றவை என்பது பொருள். நாமும் திருகு என்றே வழங்குவோம். ஒவ்வொரு திருகுக்கும் மென்பொருளைச் செய்தவர்கள் ஓர் அளவை முன்கூட்டியே இட்டு அனுப்புகின்றனர். அடிக்கடி தேவைப்படும் பதிவுகளை வட்டிலிருந்து எடுத்து நினைவகத்திற் பேணி வைப்பதற்கென உள்ள திருகு 128 மெகாபைற்றில் வருகிறது. 64 கிகாபைற் நினைவகம் உள்ள இயந்திரத்தைக் காசு கொடுத்து வாங்கிய ஒருவர் இத்திருகைத் தொடாமல் விட்டாராயின், தரவுத்தளம் தனக்கென ஒதுக்கிக்கொள்வது அந்நினைவகத்தின் 512இல் ஒரு பங்கு மாத்திரமே. மிகுதியிற் சிலவற்றை இயக்க முறைமை தன் போக்கிற் பயன்படுத்தும் என்பது உண்மைதான். ஆயினும் வாங்கிய காசுக்கு உரிய பயன் கிட்டவில்லை. ஏன் இவ்வளவு குறைவாக வைத்தார்கள்? எந்தச் சிறிய இயந்திரத்திலும் தடையின்றி இயங்கவேண்டும் என்பதற்காகவே. எல்லோருக்கும் பொருந்தவேண்டுமென்று தைத்த ஆயத்த உடை எவருக்கும் சரியாகப் பொருந்துவதில்லை.

அப்படியாயின் எல்லாத் திருகுகளையும் உச்சத்திற்குத் திருப்பிவிட்டால் என்ன? யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்கு இதற்கு விடை தெரியும். கிணற்றிலுள்ள நீர் அளவானது. வெங்காயப் பாத்திக்கும் மிளகாய்ப் பாத்திக்கும் புகையிலைக்கும் அதையே பங்கிடவேண்டும். ஒன்றுக்கு வாய்க்காலைத் திறந்தால் மற்றையதற்குக் குறையும். நீரிறைக்கும் இயந்திரத்தைப் பூட்டி அளவுக்கு மீறி இறைத்தால், சுண்ணாம்புக் கற்களினூடே உவர்நீர் ஏறி முழுக் கிணறும் கெட்டுவிடும். கணனியின் நினைவகமும் இவ்வாறானதே. பதிவுகளைப் பேணவும், வரிசைப்படுத்தவும், பூட்டுகளைக் கணக்கு வைக்கவும் அந்த ஒரே நினைவகத்தைத்தான் பங்கிடவேண்டும். மிஞ்சிப் பங்கிட்டால் இயக்க முறைமை நினைவகத்தில் உள்ளவற்றை வட்டிற்கு மாற்றத் தொடங்கும். அல்லது தரவுத்தளத்தையே கொன்றுவிடும்.

சிலர் விழும் குழி ஒன்றைச் சொல்வோம். வரிசைப்படுத்தும் வேலைக்கான நினைவகம் 4 மெகாபைற் என வருகிறது. "இது போதாது, 64 ஆக்குவோம்" என ஒருவர் திருப்புகிறார். ஆனால் அந்த 64 முழு இயந்திரத்துக்கும் அன்று; ஒவ்வொரு வினாவினுள்ளும் நடக்கும் ஒவ்வொரு வரிசைப்படுத்தலுக்கும் உரியது. 100 பேர் ஒரே நேரத்தில், ஒருவருக்கு 3 வரிசைப்படுத்தல் வீதம் கேட்டால், தேவை 19,200 மெகாபைற். 16 கிகாபைற் இயந்திரம் அத்துடன் விழுந்துவிடும். தனியொருவராக இருந்து பரீட்சித்தபோது வேகமாக ஓடியது, பெருநாள் வியாபாரத்தின்போது நின்றுபோயிற்று என்ற முறைப்பாட்டின் பின்னே பெரும்பாலும் இத்தகைய கணக்கு ஒன்று இருக்கும்.

93 ஆண்டுகள்

திருகுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, மிகச் சிறந்த நிலையைக் கணனியே கண்டுபிடிக்கட்டுமே என்று தோன்றுவது இயல்பு. 300 திருகுகள் வேண்டாம். 10 மட்டும் எடுப்போம். ஒவ்வொன்றுக்கும் 5 அளவுகள். மொத்தம் 97,65,625 சேர்க்கைகள். ஒரு சேர்க்கையைப் பரீட்சிக்க 5 நிமிடம் என்றால், இரவுபகல் ஓயாது வேலை செய்தாலும் ஏறத்தாழ 93 ஆண்டுகள் செல்லும். ஒவ்வொரு திருகையும் தனித்தனியே சீர்செய்யலாம் என்றாலோ, அவை ஒன்றில் ஒன்று தங்கியுள்ளன. வீணையின் ஒரு தந்தியை முறுக்கினால் மற்றையதன் சுருதி சற்றே நகர்வதைப் போன்றது இது.

இங்கேதான் எமது மலைச்சரிவுப் பல்கலைக்கழகத்தின் கட்டுரை வருகிறது. ஜேம்ஸ் பேர்க்ஸ்ராவும், பின்னாளில் 2018ஆம் ஆண்டுக்கான ரியூரிங் பரிசைப் பகிர்ந்துகொண்ட யோசுவா பென்ஜியோவும் எழுதியது அது. அவர்கள் எடுத்துக்கொண்டது தரவுத்தளமன்று. செயற்கை நரம்பு வலைகளின் திருகுகள். ஆயினும் சிக்கல் ஒன்றே. பலரும் அக்காலத்திற் சதுரக் கட்டம் போட்டு, ஒழுங்காக ஒவ்வொரு கட்டத்தையும் பரீட்சித்து வந்தனர். அதைவிடக் கண்ணை மூடிக்கொண்டு ஆங்காங்கே பரீட்சிப்பது மேல் என்று இவர்கள் காட்டினர்! கேட்கும்போது விளையாட்டாகத் தோன்றும். காரணம் எளியது. இரண்டு திருகுகள் உள்ளன. அவற்றில் ஒன்று முக்கியம், மற்றையது ஒன்றுக்கும் உதவாதது. எது எதுவென எமக்குத் தெரியாது. மூன்றுக்கு மூன்று எனக் கட்டம் போட்டு 9 முறை பரீட்சித்தால், முக்கியமான திருகின் 3 அளவுகளை மாத்திரமே பார்த்திருப்போம். மற்றைய 6 முயற்சியும் வீண். ஆங்காங்கே 9 முறை பரீட்சித்தாலோ, முக்கிய திருகின் 9 வெவ்வேறு அளவுகளைப் பார்த்துவிடுவோம். பல திருகுகள் இருப்பினும் உண்மையில் வேலை செய்பவை சிலவே என்ற இந்த அவதானம், அதன்பின் வந்த தானியங்கிச் சீராக்கங்களை விளங்கிக்கொள்ளப் பெரிதும் உதவுகிறது. எமது அபிப்பிராயத்தில், இத்துறையில் எழுதப்பட்டவற்றுள் சாதாரண மனிதருக்கும் விளங்கக்கூடிய மிகச் சில கட்டுரைகளில் இதுவும் ஒன்று.

மார்க்கத்தில் நடந்தது

மார்க்கத்து ஐ.பி.எம். பொறியியலாளர் வேறு வழியிற் சென்றனர். டிபி2 என்னும் தரவுத்தளத்தைச் செய்யும் இடங்களுள் அது முதன்மையானது. ஆதம் ஸ்ரோர்ம், கிறிஸ்ரியன் கார்சியா-அரெலானோ, சாம் லைற்ஸ்ரோன் ஆகியோர், யிக்சின் டியாவ், மகேஸ்வரன் சுரேந்திரா ஆகியோருடன் இணைந்து எழுதிய கட்டுரை 2006இல் வெளியாயிற்று. அதே ஆண்டு வந்த டிபி2 ஒன்பதாம் பதிப்பிலே அவர்களது பொறிமுறையும் அடங்கியிருந்தது. எல்லாத் திருகுகளுக்கும் அவர்கள் ஆசைப்படவில்லை. நினைவகப் பங்கீட்டை மாத்திரம் எடுத்துக்கொண்டனர். அதாவது, எந்தப் பாத்திக்கு எவ்வளவு நீர் என்பதை.

அவர்களின் உபாயம் கவனத்திற்குரியது. இடமின்மையால் நினைவகத்திலிருந்து வெளியேற்றப்பட்ட பதிவுப் பக்கங்களின் பெயர்களை மட்டும் ஒரு சிறு பட்டியலில் குறித்து வைப்பர். அப்பக்கத்தையே மறுபடி எவராவது கேட்டால், "இன்னும் கொஞ்சம் இடம் இருந்திருந்தால் வட்டிற்குப் போயிருக்கவேண்டியதில்லை, இவ்வளவு நேரம் மிச்சம்" என்று கணக்கு எழுதப்படும். இவ்வாறே ஒவ்வொரு பகுதிக்கும் நினைவகம் சிறிது கூடினால் எவ்வளவு நேரம் மிச்சமாகும் என்பது தெரியவரும். மிச்சம் குறைவாக உள்ள பகுதியிலிருந்து எடுத்து, மிச்சம் கூடிய பகுதிக்குக் கொடுப்பதே மீதி வேலை. எல்லாப் பகுதிகளையும் ஒரே நாணயத்தில், அதாவது நேரத்தில், மதிப்பிட்டமையே இதன் பலம். பரீட்சார்த்தமாக எதையும் திருப்பிப் பார்க்கவேண்டியதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் முறையே தன் குறையைச் சொல்லிவிடும்.

இதிலும் ஓர் இடர் உண்டு. பார்க் எக்ஸ்ரென்ஷனில் பழைய தொடர்மாடிகளிற் குடியிருப்போர் அறிவர்: குளிக்கும்போது நீர் குளிர்கிறதென்று சுடுநீர்க் குழாயைத் திருப்பினால் உடனே ஒன்றும் நடவாது. மேலும் திருப்புவோம். பின்னர் திடீரெனக் கொதிநீர் கொட்டும். பதறி மறுபுறம் திருப்பினால் பனிநீர். திருகுக்கும் விளைவுக்கும் இடையே தாமதம் இருந்தால் கணனியும் இவ்வாறே அங்குமிங்கும் அலையும். அதைத் தவிர்ப்பதற்காக அவர்கள் இயந்திரப் பொறியியலாளர் கையாளும் கட்டுப்பாட்டுக் கணிதத்தைத் துணைக்கழைத்தனர். எவ்வளவு இடைவெளியில், எவ்வளவு சிறிய அளவில் மாற்றுவது என்பதை அது தீர்மானித்தது. புதிதாகத் தொடங்கப்படும் டிபி2 தரவுத்தளங்களில் இப்பொறிமுறை கேளாமலே இயங்கும் நிலையில் அனுப்பப்பட்டது. தம் வேலையில் நம்பிக்கை இல்லாதவர் அவ்வாறு செய்யார்.

வெளியே நின்று திருப்பியோர்

மார்க்கத்தார் மென்பொருளின் உள்ளே இருந்தவர்கள். வெளியே நின்று, எந்தத் தரவுத்தளத்தையும் சீர்செய்யும் கருவியைச் செய்ய முயன்றவர்களின் கதை வேறு. சென்னை ஐ.ஐ.ரி.யிற் பயின்று பின்னர் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய சிவநாத் பாபுவும் மாணவர்களும் 2009இல் 'ஐரியூன்ட்' என்ற கருவியை வெளியிட்டனர். அவசரத்துக்கென வைத்திருக்கும் மாற்று இயந்திரம் சும்மா இருக்கும் நேரத்தில் பரீட்சைகளைச் செய்வது அவர்களது யோசனைகளில் ஒன்று. 2017இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் டேனா வான் ஏக்கன், அன்ட்றூ பாவ்லோ முதலியோர் 'ஒட்டர்ரியூன்' பற்றி எழுதினர். ஒரு தரவுத்தளத்திற் கற்றதை அடுத்ததற்குப் பயன்படுத்துவது அதன் நோக்கம். அது தந்த அமைப்புகள் மனித வல்லுநர் தந்தவற்றுக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தன எனவும் காட்டினர்.

அவர்கள் பயன்படுத்திய கணிதத்தின் பூர்வீகம் சுவையானது. தென்னாபிரிக்கச் சுரங்கப் பொறியியலாளர் டனி கிறீக், 1951இல், துளையிட்ட சில இடங்களின் அளவைக்கொண்டு துளையிடாத இடத்தில் எவ்வளவு பொன் கிடக்கும் என மதிப்பிடும் முறையை எழுதினார். பரீட்சித்த சில அமைப்புகளைக் கொண்டு பரீட்சிக்காதவற்றின் வேகத்தை மதிப்பிடுவதும் அதுபோன்ற கணக்குத்தான்.

ஆய்வுகூடத்திலிருந்து உண்மை உலகுக்கு வந்தபோது என்ன நடந்தது? சொசியேற்றே ஜெனறால் என்னும் பிரெஞ்சு வங்கியின் உண்மையான ஒராக்கிள் தரவுத்தளம் ஒன்றின்மீது நடத்திய பரீட்சையை அவர்கள் 2021இல் வெளியிட்டனர். வங்கி ஏற்கெனவே வைத்திருந்த அமைப்பைவிட 45 வீதம் வரை முன்னேற்றம் கிடைத்தது. அதுவரை எழுதப்பட்ட ஆய்வுகள் கவனியாது விட்ட இடர்களையும் அதே கட்டுரை ஒளிக்காமற் சொல்கிறது. பல இயந்திரங்கள் பகிர்ந்துகொள்ளும் வட்டுகளில், திருகு எதையும் தொடாமலே, இன்றைய அளவும் நாளைய அளவும் வேறுபட்டன. தராசே ஆடிக்கொண்டிருந்தால் எடையை எப்படி நம்புவது? பரீட்சைக்கு உண்மையான தரவின் பிரதியும், உண்மையான வேலையின் பிரதியும் வேண்டும். வாடிக்கையாளரின் கணக்குகளை அவ்வாறு பிரதியெடுத்துத் திரிவதை எந்த வங்கியும் விரும்பாது. சில திருகுகளை மாற்றினால் தரவுத்தளத்தை நிறுத்தித் தொடக்கவேண்டும். பகலில் அதற்கு எவர் இணங்குவார்? இக்கருவியை வியாபாரமாக்கவென 2020இல் தொடங்கிய நிறுவனம் 2024இல் மூடப்பட்டது. ஆய்வு தோற்றது என இதனைக் கொள்ளலாகாது. ஆயினும் திறமான கட்டுரைக்கும் விற்பனையாகும் கருவிக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பது தெரிகிறது. கோர்னெல் பல்கலைக்கழகத்தின் இமானுவேல் றமர் 2022இல் வெளியிட்ட 'டிபி-பேர்ட்' புதிய பாதையொன்றில் செல்கிறது. கண்மூடித்தனமாகப் பரீட்சிப்பதற்கு முன், மனிதர் எழுதிய கையேடுகளைப் படித்துக் குறிப்பெடுக்கிறது அது.

எரிந்த பதிவேடு

இனி நாம் அதிகம் அஞ்சும் திருகுக்கு வருவோம். போஸ்ற்கிறெஸில் 'எவ்-சிங்க்' என ஒன்று உண்டு. ஒரு பதிவு உண்மையாகவே வட்டில் எழுதப்பட்டுவிட்டது என்பது உறுதியாகும் வரை காத்திருக்கும்படி அது பணிக்கிறது. அதனை அணைத்துவிட்டால் வேகம் பெரிதும் கூடும். பின்னர் மின்சாரம் நின்றாலோ இயந்திரம் திடீரென விழுந்தாலோ பதிவுகள் சிதைந்து, மீட்க முடியாமற் போகலாம். வேகத்தை மாத்திரம் அளந்து பரிசு பெறும் இயந்திரம் இத்திருகை உடனே அணைத்துவிடும். அதன் கண்ணுக்கு அது தூய இலாபம். நட்டம் எந்த மணிக்கூட்டிலும் தெரிவதில்லை. ஒட்டர்ரியூனைச் செய்தவர்கள் இதை அறிந்திருந்தனர். தொடக்கூடாத திருகுகளின் பட்டியலை மனிதர் முன்கூட்டியே கொடுக்கும்படி வைத்தனர். எவற்றைத் தொடக்கூடாது என்பதை இயந்திரம் தானாகக் கண்டறிய வழியில்லை.

கச்சேரியிலும் பிரதேச செயலகத்திலும் எரிந்துபோன பிறப்புப் பதிவுக்காக, வருடக்கணக்கில் சத்தியக் கடதாசிகளோடு அலைந்த குடும்பங்கள் எம்மிடையே உள்ளன. ஒரு வரி அழிந்தால் ஒரு மனிதர் தாம் யார் என்பதை நிரூபிக்க எவ்வளவு பாடுபடவேண்டும் என்பதை அவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. வேகத்துக்காக எதை இழக்கலாம், எதை இழக்கலாகாது என்பதை அந்தப் பதிவின் பெறுமதியை அறிந்தவரே சொல்ல முடியும்.

சிறு அமைப்புகளை நடத்துவோருக்குச் சில வார்த்தைகள். பெரிய இயந்திரம் வாங்குமுன் திருகுகளைப் பாருங்கள். தரவுத்தளத்துக்கென்றே ஒதுக்கிய இயந்திரமாயின், போஸ்ற்கிறெஸின் பேணல் நினைவகத்தை மொத்தத்தில் 25 வீதத்தில் தொடங்கலாம் என அதன் கையேடே கூறுகிறது. மைஎஸ்கியூஎல் பாவிப்போருக்கு அதற்கீடான திருகும் 128 மெகாபைற்றிலேயே வருகிறது. 80 வீதம் வரை போகலாம் என்கிறது அதன் கையேடு. சுழலும் வட்டுகளின் காலத்தில் இட்ட அளவு ஒன்று போஸ்ற்கிறெஸில் இன்றும் 4 என நிற்கிறது. வட்டில் ஆங்காங்கே சென்று படிப்பதற்கு எவ்வளவு செலவு என்பதைக் குறிப்பது அது. சுழலாத புதிய வட்டு உள்ளவர்கள் 1.1 அளவுக்குக் குறைத்தால், பல வினாக்களுக்குப் பொருத்தமான வழியைத் தரவுத்தளமே தேர்ந்துகொள்ளும். ஒரு தடவையில் ஒரு திருகு. மாற்றிய திகதியைக் கொப்பியில் எழுதுங்கள். பிரதி எடுத்த பின்னரே தொடுங்கள்.

பெற்றோரின் கேள்விக்கும் விடை கூறவேண்டும். அமேசன் போன்ற நிறுவனங்களிடம் தரவுத்தளத்தை வாடகைக்கு எடுப்போருக்கு, இயந்திரத்தின் அளவுக்கேற்ப நினைவகத் திருகை ஒரு சூத்திரமே திருப்பிவிடுகிறது. ஆகவே கையேட்டைப் பார்த்துத் திருப்புவதோடு நின்றுவிடும் வேலை குறைந்து வருகிறது, இன்னும் குறையும். எந்த நேரத்து வேகம் முக்கியம், எந்த வினா தவறாக எழுதப்பட்டுள்ளது, எந்தப் பதிவு ஒருபோதும் அழியலாகாது என்பவற்றை நிறுவனத்தாரோடு பேசித் தீர்மானிப்பவருக்கு வேலை உண்டு. அதற்கு இந்நகரில் பிரெஞ்சு மொழியும் வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்கு இடையிடையே நினைவூட்டுவது நன்று.

ஆர்வமுள்ள பிள்ளைக்குப் பெருஞ்செலவு எதுவும் தேவையில்லை. வீட்டில் ஒதுக்கி வைத்த பழைய கணனி போதும். போஸ்ற்கிறெஸை இறக்கினால் 'பிஜி-பெஞ்ச்' என்னும் அளவைக் கருவியும் உடன் வருகிறது. ஒரு திருகை மாற்றி, 5 நிமிடம் ஓடவிட்டு, எண்ணை எழுதிவைக்கட்டும். மறுநாள் அதே திருகில், அதே அளவில் மறுபடி ஓடவிடும்போது எண் வேறாக வரும். ஏன் வேறாயிற்று என்று தேடுவதிலிருந்து படிப்புத் தொடங்கலாம்.